தினசரி வேத வாசிப்பும் ஜெபமும்

தினசரி வேத வாசிப்பும் ஜெபமும் என்பது கிறித்தவர்கள் ஒவ்வொரு நாளும் குறித்த நேரத்தில் வேதாகமத்தின் ஒரு பகுதியை வாசித்து, சிந்தித்து, கடவுளிடம் ஜெபிக்கும் பழக்கமாகும். தனியாகச் செய்வது தனி ஜெபம் என்றும், வீட்டார் கூடிச் செய்வது குடும்ப ஜெபம் என்றும் அழைக்கப்படுகிறது. இதற்கென ஒதுக்கும் நேரத்தைத் தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபையினர் தியான நேரம் அல்லது அமைதி வேளை என்பர். கத்தோலிக்கர் வேதாகமத்தைத் திருவிவிலியம் என்றும், ஜெபத்தைச் செபம் அல்லது இறைவேண்டல் என்றும் வழங்குவர்.

இப்பழக்கத்தைத் தொடங்குவோர் பலர். தொடர்பவர்கள் அதைவிடக் குறைவு. புத்தாண்டில் ஆதியாகமத்திலிருந்து ஆர்வத்துடன் வாசிக்கத் தொடங்கி, சில வாரங்களில் லேவியராகமத்தில் நின்றுவிடுவது பரவலாகக் காணப்படும் அனுபவம். இப்பழக்கத்தைப் பல நூற்றாண்டுகளாகக் காத்துவந்த மரபுகள் தனிமனிதரின் ஆர்வத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. நேரம், அளவு, வரிசை ஆகிய மூன்றையும் முன்கூட்டியே வகுத்துக்கொடுத்தன. அதேவேளையில் அந்த ஒழுங்கே சுமையாகிவிடக்கூடாது என்றும் எச்சரித்தன.

## வேதாகம அடிப்படை

ஜெபத்திற்கு நாள்தோறும் நேரம் குறிக்கும் வழக்கம் யூத மரபிலிருந்து வந்தது. கடவுளின் கட்டளைகளை வீட்டில் இருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும் எழும்போதும் பிள்ளைகளுக்குப் பேசவேண்டும் என்று உபாகமம் 6-ஆம் அதிகாரம் கூறுகிறது. தானியேல் பாபிலோனில் தன் மேலறையில் நாளுக்கு மூன்று முறை எருசலேமை நோக்கி முழங்காற்படியிட்டு ஜெபித்ததை தானியேல் 6:10 குறிப்பிடுகிறது. ஜெபத்தைத் தடைசெய்யும் அரச ஆணை பிறந்த பிறகும் அவர் முன்பு செய்துவந்தபடியே செய்தார் என்பது அப்பகுதியின் மையம். ஆபத்து வந்தபோது அவர் புதிதாக எதையும் தொடங்கவில்லை. இருந்த பழக்கத்தைத் தொடர்ந்தார்.

சங்கீதம் 55 காலை, நண்பகல், மாலை என மூன்று வேளைகளையும், சங்கீதம் 119 நாளுக்கு ஏழு முறை துதிப்பதையும் பேசுகின்றன. இயேசு விடியுமுன் எழுந்து தனிமையான இடத்திற்குச் சென்று ஜெபித்ததை மாற்கு 1:35 கூறுகிறது. முந்தைய மாலையில் ஊரார் எல்லாரும் நோயாளிகளுடன் வாசலில் கூடியிருந்ததை அதற்கு முந்தைய வசனங்கள் சொல்கின்றன. வேலை மிகுந்த நாளை அடுத்தே அந்தத் தனிமை வருகிறது.

## வரலாறு

### தொடக்கத் திருச்சபையும் துறவு மடங்களும்

தொடக்கக் காலக் கிறித்தவ நூலான டிடாக்கே, இயேசு கற்பித்த ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லுமாறு அறிவுறுத்துகிறது. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்குநூல், 150 சங்கீதங்களையும் ஒரு வாரத்தில் பாடி முடிக்கும்படி வகுத்தது. உடலுழைப்புக்கும் திருநூல் வாசிப்புக்கும் தனித்தனி நேரங்களைக் குறித்தது. ஜெபம் சுருக்கமாகவும் தூய்மையாகவும் இருக்கவேண்டும் என்றும் அந்நூல் சொல்கிறது.

கீழைத் திருச்சபைகளிலும் இவ்வேளை ஜெபங்கள் வழக்கத்தில் உள்ளன. எகிப்தின் கோப்துத் திருச்சபையின் அக்பேயா, கேரளத்தின் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினர் பயன்படுத்தும் ஷெஹிமோ ஆகியவை நாளின் வெவ்வேறு வேளைகளுக்கான ஜெபங்களைக் கொண்ட நூல்களாகும்.

### சீர்திருத்தக் காலம்

மார்ட்டின் லூதர் 1529-இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசத்தில் இல்லத்தாருக்கான காலை, மாலை ஜெபங்களையும் சேர்த்தார். 1535-இல், ஜெபிப்பது எப்படி என்று கேட்ட தம் முடிதிருத்துநர் பீட்டருக்காக ஒரு சிறுநூல் எழுதினார். ஜெபம் காலையில் முதல் வேலையாகவும் இரவில் கடைசி வேலையாகவும் இருக்கட்டும். இந்தச் சிறு வேலையை முடித்துவிட்டு ஜெபிக்கலாம் என்ற எண்ணமே ஜெபத்தைத் தட்டிப்பறிக்கும் என்றார். கவனம் பற்றிச் சொல்லும்போது அவருடைய தொழிலையே எடுத்துக்காட்டினார்: சவரக்கத்தியைப் பிடித்துக்கொண்டு பேச்சில் மூழ்கும் முடிதிருத்துநர் எதிரே இருப்பவரின் மூக்கையோ வாயையோ அறுத்துவிடுவார்.

இங்கிலாந்தில் தாமஸ் கிரான்மர் தலைமையில் 1549-இல் வெளிவந்த பொது ஜெபப் புத்தகம், மடங்களின் பல வேளை ஜெபங்களைக் காலை, மாலை என இரண்டாகச் சுருக்கியது. சங்கீதங்கள் ஒரு மாதத்தில் முடியுமாறு பிரிக்கப்பட்டன. அன்றைக்கு எதை வாசிப்பது என்று கண்டுபிடிப்பது, வாசிப்பதைவிடக் கடினமாகிவிட்ட பழைய நிலையை அதன் முன்னுரை குறைகூறுகிறது. முறை எளிதாக இருந்தால்தான் பொதுமக்கள் அதைப் பின்பற்றுவர் என்பது அதன் நோக்கம்.

### அச்சிட்ட நாட்காட்டிகள்

ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊரில் குடியேறிய மொராவியர்களிடையே, கவுண்ட் சின்சன்டார்ஃப் 1728-இல் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனம் தரும் வழக்கத்தைத் தொடங்கினார். 1731 முதல் ஆண்டு முழுவதற்குமான வசனங்கள் நூலாக அச்சிடப்பட்டு வருகின்றன.

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் போதகராக இருந்த ராபர்ட் மர்ரே மெக்செய்ன் 1842-இல் தம் சபையாருக்கு ஒரு வாசிப்பு அட்டவணை தயாரித்தார். நாளுக்கு நான்கு அதிகாரங்கள். இரண்டு குடும்ப ஜெபத்திற்கு, இரண்டு தனி வாசிப்புக்கு. ஓர் ஆண்டில் பழைய ஏற்பாடு ஒரு முறையும், புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இரு முறையும் முடியும். இத்திட்டத்தின் ஆபத்துகளையும் அவரே பட்டியலிட்டார்: வாசிப்பு வெறும் சடங்காகலாம், முடித்துவிட்டோம் என்ற தற்பெருமை வரலாம், கவனமின்றி ஓடலாம், சிலருக்குத் தாங்கமுடியாத நுகமாகலாம். அப்படி நுகமாக உணர்பவர்கள் அட்டவணையை ஒதுக்கிவிட்டுச் சுதந்திரமாக வாசிக்கலாம் என்றார். அடுத்த ஆண்டே, 29 வயதில், அவர் காலமானார். அவருடைய அட்டவணை இன்றும் பல நாடுகளில் பயன்படுத்தப்படுகிறது.

## தமிழ்க் கிறித்தவர்களிடையே

வீட்டில் வேதாகமம் வாசிக்கவேண்டுமானால் வீட்டார் பேசும் மொழியில் அது இருக்கவேண்டும். ஜெர்மன் இறைப்பற்று இயக்கத்தின் முன்னோடியான பிலிப் யாக்கோப் ஸ்பேனர் 1675-இல் எழுதிய நூலில், குடும்பத் தலைவர் நாள்தோறும் வேதாகமத்தை வீட்டில் வாசிக்கவேண்டும், அல்லது வாசிக்கச்செய்து கேட்கவேண்டும் என்று முன்மொழிந்தார். அவ்வியக்கத்தின் மையமாக விளங்கிய ஹாலே நகரத்துடன் தொடர்புடைய பர்த்தலோமேயு சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டின் நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714-இலும், எஞ்சிய பகுதி 1715-இலும் அங்கேயே அச்சிடப்பட்டன.

அச்சிட்ட நூல் கிடைத்த பிறகும் எழுத்தறிவு பரவ நெடுங்காலம் ஆயிற்று. ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்பதும், உபதேசியார் சொல்லித்தரும் வசனங்களை மனப்பாடம் செய்வதும் வழக்கமாக இருந்தன. பெண்களுக்கு வீடுவீடாகச் சென்று வேதாகமம் வாசித்துக் காட்டவும் எழுத்துக் கற்பிக்கவும் தனியாகப் பெண் ஊழியர்கள் இருந்தனர்.

தமிழ்க் குடும்ப ஜெபத்தின் வழக்கமான வடிவம் எளியது: ஒரு கீர்த்தனை அல்லது ஞானப்பாட்டு, ஒரு வேதபகுதி, ஒருவர் ஏறெடுக்கும் ஜெபம், இறுதியில் எல்லாரும் சேர்ந்து சொல்லும் கர்த்தருடைய ஜெபம். பிள்ளைகள் ஆளுக்கொரு வசனம் வாசிப்பது பல வீடுகளில் உண்டு. கத்தோலிக்க இல்லங்களில் மாலைச் செபமாலையும் மூவேளைச் செபமும் இவ்விடத்தைப் பெறுகின்றன. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடு, பொதுநிலையினரும் திருநூலை அடிக்கடி வாசிக்கவேண்டும் என்றும், வாசிப்புடன் ஜெபமும் இணையவேண்டும் என்றும் வலியுறுத்தியது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இன்றைய தமிழில் வாசிக்க விரும்புவோருக்கு உதவுகிறது.

## வாசிப்பும் ஜெபமும் இணையும் முறை

எதை முதலில் செய்வது என்பதில் பலருக்குக் குழப்பம் உண்டு. பிரிஸ்டல் நகரில் அனாதை இல்லங்களை நடத்திய ஜார்ஜ் முல்லர் இதுபற்றித் தம் குறிப்பேட்டில் எழுதியுள்ளார். பல ஆண்டுகளாக அவர் எழுந்தவுடன் ஜெபத்தில் இறங்க முயன்றார். கால் மணி, அரை மணி நேரம்கூட மனம் அலைந்த பிறகே ஜெபம் தொடங்கியது. 1841 முதல் வரிசையை மாற்றினார். முதலில் வேதபகுதியை மெதுவாக வாசித்துச் சிந்தித்தார். அதிலிருந்து நன்றியோ அறிக்கையோ வேண்டுதலோ தானாக எழுந்தது.

பன்னிரண்டாம் நூற்றாண்டுத் துறவியான இரண்டாம் கீகோ இந்த இணைப்பை நான்கு படிகளாக விளக்கினார்: வாசிப்பு, சிந்தனை, ஜெபம், அமைந்திருத்தல். உணவை வாயில் இடுவது போன்றது வாசிப்பு, மெல்லுவது சிந்தனை, சுவையைப் பெறுவது ஜெபம், அந்த இனிமையில் இளைப்பாறுவது கடைசிப் படி. லெக்சியோ டிவினா எனப்படும் இம்முறையை இன்று பல சபைகளைச் சேர்ந்தோரும் கைக்கொள்கின்றனர்.

லூதர் தம் சிறுநூலில் ஒவ்வொரு பகுதியையும் நான்கு இழைகளால் ஆன மாலையாகப் பின்னச்சொன்னார்: இப்பகுதி எதைக் கற்பிக்கிறது, எதற்காக நன்றி சொல்லவேண்டும், எதை அறிக்கையிடவேண்டும், எதைக் கேட்கவேண்டும்.

### ஓர் எடுத்துக்காட்டு

மாற்கு 4:35–41 இயேசு கடலை அமர்த்திய நிகழ்ச்சியைக் கூறுகிறது. ஏழு வசனங்களே உள்ளதால் தொடக்க வாசிப்புக்கு ஏற்றது.

1. கற்பிப்பது: படகில் ஏறச்சொன்னவர் இயேசுவே. அவர் சொற்படி சென்றவர்களையும் புயல் தாக்கியது. கீழ்ப்படிதல் துன்பமின்மைக்கு உத்தரவாதம் அல்ல என்பதை இது காட்டுகிறது.
2. நன்றி: சீடர்கள் அவரை எழுப்பிய விதத்தில் குற்றச்சாட்டும் கலந்திருந்தது. ஆயினும் அவர் முதலில் காற்றை அடக்கினார். பிறகே அவர்களின் அச்சத்தைப் பற்றிக் கேட்டார். முறையாக வேண்டத் தெரியாதவர்களுக்கும் அவர் செவிகொடுத்தார்.
3. அறிக்கை: வாசிப்பவர் தம் வாழ்வில் கடவுள் கவலைப்படவில்லை என்று எண்ணிய இடத்தை மறைக்காமல் சொல்லலாம்.
4. வேண்டுதல்: அன்றைய நாளில் அச்சம் தரும் ஒரு காரியத்தைப் பெயரிட்டு ஒப்படைக்கலாம். தேர்வு முடிவு, மருத்துவப் பரிசோதனை, வீட்டுக்கடன் என எதுவாகவும் அது இருக்கலாம்.

இவ்வாறு செய்ய 10 முதல் 15 நிமிடங்கள் போதும். ஒரு வரியைக் குறிப்பேட்டில் தேதியுடன் எழுதிவைத்தால், பின்னாளில் ஜெபித்தவை எவை, அவற்றிற்கு என்ன ஆயிற்று என்று பார்க்க முடியும்.

## பழக்கம் உருவாகும் விதம்

பழக்கங்களைப் பற்றிய உளவியல் ஆய்வுகள் ஜெபத்தை மையமாகக் கொண்டவை அல்ல. எனினும் அவற்றின் முடிவுகள் இங்கும் பொருந்தக்கூடியவை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் உடனாய்வாளர்களும் 96 பேரிடம் நடத்திய ஆய்வில், உணவு, பானம், உடற்பயிற்சி சார்ந்த ஒரு புதிய செயல் இயல்பாக நிகழ எவ்வளவு காலம் ஆகிறது என்று அளந்தனர். சராசரி 66 நாட்கள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. 21 நாட்களில் பழக்கம் பிறந்துவிடும் என்ற பரவலான கருத்து இதனுடன் பொருந்தவில்லை. ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கவில்லை என்பதும் அவ்வாய்வின் முக்கியமான முடிவு.

அவ்வாய்வில் பங்குபெற்றோர் புதிய செயலை ஏற்கெனவே உள்ள ஒன்றுடன் இணைத்தனர். எடுத்துக்காட்டாக, காலை உணவுக்குப் பின். இதே வழியில் தியான நேரத்தையும் அமைக்கலாம்:

- நேரம்: கடிகார மணியைவிட அன்றாடச் செயல் ஒன்றுடன் இணைப்பது எளிது. காலைக் காபிக்கு முன், கல்லூரிப் பேருந்தில் அமர்ந்தவுடன், பிள்ளைகள் உறங்கியபின் என்று வரையறுக்கலாம்.
- இடம்: ஒரே நாற்காலி, ஒரே மூலை. வேதாகமம் அங்கேயே இருக்கட்டும்.
- அளவு: மிகக் களைத்த நாளிலும் செய்யக்கூடிய சிறிய அளவு. ஐந்து நிமிடமும் பத்து வசனமும் நல்ல தொடக்கம்.
- வரிசை: எதை வாசிப்பது என்று அன்றைக்குத் தேடாமல், முந்தைய நாள் நிறுத்திய இடத்திலிருந்து தொடர்வது.
- துணை: குடும்பத்தினரோ நண்பரோ அதே பகுதியை வாசித்தால், பேசிக்கொள்ள ஒரு பொருள் கிடைக்கிறது.

காலைதான் உகந்தது என்று பலர் வலியுறுத்துவர். ஆயினும் இரவுப்பணி செய்பவர், கைக்குழந்தையுள்ள தாய், நோயாளியைப் பராமரிப்பவர் ஆகியோருக்கு வேறு வேளை பொருந்தலாம். வேதாகமத்திலேயே காலை, நண்பகல், மாலை, நள்ளிரவு ஆகிய எல்லா வேளைகளிலும் ஜெபித்தவர்கள் உள்ளனர்.

## வாசிப்புத் திட்டங்கள்

சீர்திருத்தத் திருச்சபைகளின் வேதாகமத்தில் 66 நூல்களும் 1,189 அதிகாரங்களும் உள்ளன. கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் 73 நூல்கள். கீழுள்ள திட்டங்கள் வெவ்வேறு நிலையினருக்கு ஏற்றவை.

- 16 நாட்கள்: மாற்கு நற்செய்தி, நாளுக்கு ஓர் அதிகாரம். முதன்முறை வாசிப்போருக்கு ஏற்றது.
- ஒரு மாதம்: நாளுக்கு 5 சங்கீதங்கள் வாசித்தால் 30 நாட்களில் 150 முடியும். நீதிமொழிகளில் 31 அதிகாரங்கள் இருப்பதால், தேதிக்கு ஓர் அதிகாரமாக வாசிப்பவர்களும் உண்டு.
- ஓர் ஆண்டு, புதிய ஏற்பாடு: இதில் 260 அதிகாரங்கள் உள்ளன. வாரத்தில் 5 நாட்கள் ஓர் அதிகாரம் வாசித்தால் 52 வாரங்களில் முடியும். விடுபட்டதை வாசிக்க வாரத்திற்கு இரண்டு நாட்கள் மீதம் இருக்கும்.
- ஓர் ஆண்டு, முழு வேதாகமம்: நாளுக்கு மூன்று அதிகாரங்களுக்குச் சற்று மேல். ஏற்கெனவே பழகியவர்களுக்கு உகந்தது.

## பொதுவான தடைகள்

விடுபட்ட நாட்கள். பழக்கம் முறிவதற்கு ஒரு நாள் தவறுவதைவிட, தவறிய பாக்கியைச் சேர்த்து அடைக்க முயல்வதே பெரும்பாலும் காரணமாகிறது. நான்கு நாள் பாக்கி 16 அதிகாரங்களாகும்போது அட்டவணை கடன்புத்தகம் போலத் தோன்றுகிறது. விட்டதை விட்டு, அன்றைய பகுதியிலிருந்து தொடர்வது நல்லது.

கடினமான பகுதிகள். யாத்திராகமத்தின் பிற்பகுதி, லேவியராகமம், எண்ணாகமத்தின் கணக்கெடுப்புகள் ஆகியவை புதியவரைக் களைக்கச்செய்யும். இவற்றுடன் ஒரு நற்செய்திப் பகுதியையோ சங்கீதத்தையோ இணைத்து வாசிக்கலாம். மெக்செய்ன் வெவ்வேறு நூல்களிலிருந்து நாளுக்கு நான்கு அதிகாரங்களைத் தந்ததில் இந்த வசதியும் உண்டு.

கைப்பேசி. செயலிகள் பல மொழிபெயர்ப்புகளையும் ஒலி வடிவத்தையும் எளிதாகத் தருகின்றன. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் அதே திரையில் செய்திகளும் வருகின்றன. அச்சு நூலைப் பயன்படுத்துவதும், அறிவிப்புகளை நிறுத்திவைப்பதும் கவனத்தைக் காக்கும்.

வறட்சி. நாட்கணக்கில் எந்த உணர்வும் எழாமல் போகலாம். சங்கீதங்களில் கணிசமானவை புலம்பல்களாக இருப்பதால், சொந்தச் சொல் வராத நாட்களில் அவற்றையே ஜெபமாகச் சொல்லும் வழக்கம் திருச்சபையில் பழமையானது. நீடித்த மனச்சோர்வு இருந்தால் அதை ஆவிக்குரிய குறைவு என்று மட்டும் கருதாமல் மருத்துவரையும் நாடவேண்டும்.

## எச்சரிக்கைகள்

ஒரு வசனத்தை மட்டும் தனியே எடுப்பது வாசிப்புக்கு மாற்றாகாது. தமிழ்ச் சபைகளில் புத்தாண்டு ஆராதனையின்போது வாக்குத்தத்த வசன அட்டைகள் வழங்கும் வழக்கம் உண்டு. அவ்வகையில் பலரும் விரும்பும் எரேமியா 29:11, நல்ல எதிர்காலத்தைப் பற்றிய உறுதிமொழி. முந்தைய வசனம் எழுபது ஆண்டுகளைக் குறிப்பிடுகிறது. அக்கடிதத்தைப் பெற்றவர்கள் பாபிலோனில் சிறைப்பட்டிருந்தோர்; வீடு கட்டவும், தோட்டம் நடவும், தாங்கள் இருக்கும் அந்நிய நகரின் நலனுக்காக ஜெபிக்கவும் பணிக்கப்பட்டவர்கள். முழு அதிகாரத்தையும் வாசிக்கும்போது அந்த உறுதிமொழி உடனடி வெற்றிக்கு மாறாக, நெடுங்காலப் பொறுமைக்கான ஆறுதலாகப் புலப்படுகிறது.

பழக்கத்தைத் தகுதியாகக் கருதுவதும் ஓர் ஆபத்து. மனிதர் காணவேண்டும் என்று ஜெபிப்பதை மத்தேயு 6-இல் இயேசு கண்டிக்கிறார். ஏசாயா 58, நாள்தோறும் கடவுளைத் தேடியும் தம் வேலையாட்களை ஒடுக்கியவர்களைச் சாடுகிறது. வசனத்தைக் கேட்டும் அதன்படி செய்யாதவர், கண்ணாடியில் முகத்தைப் பார்த்துவிட்டு மறந்துபோகிறவருக்கு ஒப்பானவர் என்று யாக்கோபு நிருபம் கூறுகிறது. எனவே இப்பழக்கத்தின் பயனை முடித்த அதிகாரங்களின் எண்ணிக்கையால் அளக்கமுடியாது. வாசித்தவர் வீட்டிலும் வேலையிடத்திலும் பிறரிடம் நடந்துகொள்ளும் முறையில்தான் அது தெரியவரும் என்பதே இப்பகுதிகள் தரும் அளவுகோல்.